ஒரு டன் எஃகுக்கு இரண்டரை டன் புகை: ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரியைப் புரிந்துகொள்ள

2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் இரும்பு-எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறு வகைச் சரக்குக்கும் புதிதாக ஒரு செலவு சேர்ந்திருக்கிறது. அந்தச் சரக்கைத் தயாரித்தபோது எவ்வளவு கரியமில வாயு (இனி சுருக்கமாகப் 'புகை') வெளியேறியது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இறக்குமதியாளர் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். சட்டத்தில் இதற்கு நீளமான பெயர், சுருக்கம் சிபிஏஎம். செய்தித்தாள்களில் 'கார்பன் எல்லை வரி' என்று வருகிறது, இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் இது பூமியைக் காக்கும் ஏற்பாடு என்கிறார். இன்னொருவர் பச்சைச் சாயம் பூசிய சுங்க வரி என்கிறார். முதல் ஆண்டு வெறும் 2.5 சதவீதம்தான் என்று ஒரு செய்தி, இந்திய எஃகு ஏற்றுமதியே படுத்துவிடும் என்று பக்கத்திலேயே இன்னொரு செய்தி. அப்புறம் எங்கிருந்தோ ஒருவர் வந்து, முதலாளித்துவம் இருக்கும்வரை பூமி சூடாகத்தான் செய்யும் என்று பேச்சையே வேறு பக்கம் திருப்பிவிடுவார். அவர் பேச்சு சம்பந்தமில்லாததும் இல்லை. பொருளாதார அமைப்புக்கும் புகைக்கும் என்ன உறவு என்று தெரிந்தால்தான் இந்த வரி ஏன் வந்தது என்பதே விளங்கும்.

## விலைச்சீட்டில் ஏறாத செலவு

ஒரு பொருளின் விலையில் மூலப்பொருள், கூலி, கரண்டு பில், வட்டி, லாபம் எல்லாம் அடங்கியிருக்கும். அதைத் தயாரிக்கும்போது மூன்றாவது ஆளுக்கு ஏற்படும் சேதம் மட்டும் அடங்கியிருக்காது. பொருளியலில் இதற்குப் புறச்செலவு என்று பெயர்.

நமக்குத் தெரிந்த உதாரணம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள். பனியன் விலையில் சாயத்தின் விலை இருந்தது. நொய்யலில் விட்ட கழிவுநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே பாசனம் கெட்டுப்போன விவசாயியின் நஷ்டம் அதில் இல்லை. விற்றவரும் கொடுக்கவில்லை, வாங்கியவரும் கொடுக்கவில்லை, விவசாயி கொடுத்தார். நீதிமன்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே சுத்திகரிப்புச் செலவு பட்டறைக் கணக்கில் ஒழுங்காக ஏறத் தொடங்கியது.

இதற்கான மருந்தை ஆங்கிலப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920இலேயே எழுதிவிட்டார்: சேதத்தின் அளவுக்கு வரி போடு, செய்பவன் தானாகக் குறைத்துக்கொள்வான். 2006இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த அறிக்கை, பருவநிலை மாற்றத்தை உலகம் கண்டதிலேயே பெரிய சந்தைத் தோல்வி என்று சொன்னதும் இதே தர்க்கத்தில்தான்.

ஆனால் நொய்யலுக்கும் வானத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆற்றுக்கு ஒரு மாநிலம் இருக்கிறது, ஒரு கோர்ட் இருக்கிறது, மனுப் போட விவசாயி இருக்கிறார். கரியமில வாயு எந்த ஊரில் கிளம்பினாலும் உலகக் காற்றில் கலந்து நூற்றாண்டுகள் தங்கிவிடும். பாதிக்கப்படுபவர் வேறு நாட்டவராக இருக்கலாம், இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம். அவர் எந்த கோர்ட்டுக்குப் போவார்?

## சந்தையே இல்லாத நாட்டில் என்ன நடந்தது

அப்படியென்றால் சந்தையை ஒழித்துவிட்டால் புகை குறையுமா? சோவியத் ஒன்றியம் இந்தச் சோதனையை எழுபது ஆண்டுகள் நடத்திக் காட்டியது.

அங்கே ஆலைக்கு லாபம் இலக்கில்லை, டன்தான் இலக்கு. ஆண்டுத் திட்டத்தில் இத்தனை டன் எஃகு என்று எழுதியிருந்தால் அத்தனை டன்னைக் காட்டியாக வேண்டும். நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் அரசு நிர்ணயித்த விலை மிகக் குறைவு என்பதால், எரிபொருளை மிச்சம் பிடித்தவருக்குப் பெரிய பாராட்டும் கிடையாது. ஜப்பான் 1970களிலேயே கைவிட்ட திறந்த அடுப்பு உலைகளில்தான் 1980களின் இறுதிவரை சோவியத் எஃகில் ஏறத்தாழப் பாதி தயாரானது. 1991க்குப் பிறகு ரஷ்யாவின் கரியமில வாயு உமிழ்வு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. சுத்தமான தொழில்நுட்பம் வந்ததால் அல்ல, ஆலைகள் மூடியதால். பிற்பாடு, உமிழ்வைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தம் 1990ஐ அடிப்படை ஆண்டாக வைத்ததால், எந்த முயற்சியும் செய்யாமலே ரஷ்யாவுக்கு ஏராளமான உமிழ்வு உரிமை மிச்சமானது தனிக்கதை.

சீனா இரண்டும் கலந்த அமைப்பு. உலக எஃகில் பாதிக்கு மேல் அங்கேதான் உற்பத்தியாகிறது. அரசு வங்கிகள் கடன் கொடுக்க, மாகாணங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு உலைகளைக் கட்டின. அதே அரசு ஆதரவுதான் சூரிய மின்தகடுகளின் விலையை உலகம் முழுக்கத் தரைமட்டத்துக்கு இறக்கியது. ஒரே அமைப்பு, இரண்டு விளைவு.

முதலாளித்துவமா சோஷலிசமா என்ற பட்டிமன்றம் சுவையானதுதான், ஆனால் இரும்பு உருக்கும் ஊது உலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஓர் அமைப்பு எவ்வளவு புகை விடும் என்பதை அறிய அதன் பெயர்ப்பலகையைவிட மூன்று கேள்விகள் உதவும்:

1. எவ்வளவு தயாரிப்பது என்று முடிவெடுப்பவர் யார்?
2. புகையால் வரும் சேதம் அவருடைய கணக்கில் ஏறுகிறதா?
3. சேதப்படுபவரின் குரல் அவரை எட்டுமா?

மாஸ்கோவிலும் அமெரிக்காவின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கிலும் இரண்டாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றே இருந்தது.

முதலாளித்துவத்தைக் குறைசொல்பவர்கள் பக்கமும் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. முதலீட்டுக்கு ஆண்டுதோறும் வளர்ச்சி வேண்டும் என்பதால், டன்னுக்கு இவ்வளவு என்று மிச்சப்படுத்தியதை மொத்த டன் விழுங்கிவிடுகிறது. 2000இல் உலகம் சுமார் 85 கோடி டன் எஃகு தயாரித்தது. 2024இல் அது 188 கோடி டன். உலைகள் முன்னேறியும் மொத்தப் புகை ஏறியதற்குக் காரணம் இதுதான்.

## இரும்புக்குள் புகை எப்படி வந்தது

எல்லை வரியில் இந்தியாவை அதிகம் தொடுவது எஃகு. அதனால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

இரும்புத்தாது என்பது கிட்டத்தட்ட துரு: இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்த கல். அந்த ஆக்சிஜனைப் பிரித்தால்தான் இரும்பு கிடைக்கும். ஊது உலையில் மேலிருந்து தாது, சுண்ணாம்புக்கல், நிலக்கரியை வாட்டி எடுத்த கோக் ஆகியவற்றைக் கொட்டுவார்கள். கீழிருந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான காற்றை ஊதுவார்கள். கோக் எரிந்து கார்பன் மோனாக்சைடாகி, அது தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக (கரியமில வாயு) வெளியேறும். அதாவது கார்பன் இங்கே எரிபொருள் மட்டுமில்லை, வேதிவினையில் ஒரு பங்காளியும்கூட. அடுப்பை மின்சார அடுப்பாக மாற்றினால் போதாது, சமையல் செய்முறையையே மாற்ற வேண்டும்.

இன்றைக்கு எஃகு செய்யும் வழிகள் இவை:

1. ஊது உலை. உலகில் பெரும்பகுதி இந்த வழியில்தான். ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு.
2. ஸ்பாஞ்ச் அயர்ன். தாதுவை உருக்காமலே ஆக்சிஜனைப் பிரிப்பது. எரிவாயுவில் செய்தால் புகை குறைவு, நிலக்கரியில் செய்தால் ஊது உலையைவிட மோசம். உலகிலேயே அதிகம் தயாரிப்பது இந்தியா, அதில் பெரும்பகுதி நிலக்கரியில்.
3. பழைய இரும்பை உருக்குவது. மின் உலை போதும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது என்றாலும், முதல் வழியோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான் புகை.

ஹைட்ரஜனால் ஆக்சிஜனைப் பிரித்தால் புகைக்குப் பதில் நீராவி வரும். சுவீடனின் லூலியோவில் 2020 முதல் ஒரு முன்னோடி ஆலை இதைச் செய்துகாட்டியிருக்கிறது. ஆனால் உலகச் சந்தைக்கான அளவில் இன்னும் வரவில்லை.

உலகச் சராசரி டன்னுக்கு 1.9 டன் புகை, இந்தியாவில் சுமார் 2.5. 'இந்திய ஆலைகள் பழையவை, சோம்பேறிகள்' என்று இதைப் படித்தால் தப்பு. பல ஆலைகள் புத்தம் புதியவை. முக்கியக் காரணம் மூன்றாவது வழிக்குத் தேவையான சரக்கு இங்கே போதுமான அளவு இல்லை என்பது. கும்மிடிப்பூண்டியிலும் கோவையிலும் காயலான் கடைச் சரக்கை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் இருக்கின்றன. ஆனால் பழைய இரும்பு வர வேண்டுமென்றால் முதலில் பாலமும் காரும் கட்டடமும் பழையதாக வேண்டும். அமெரிக்கா அவற்றையெல்லாம் பல தலைமுறைக்கு முன்பே ஊது உலையில் செய்து முடித்துவிட்டது. இப்போது அவற்றை உடைத்து உருக்கி, எஃகில் ஏறத்தாழ 70 சதவீதத்தை மின் உலையில் எடுக்கிறது. இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ எஃகுதான் பயன்படுகிறது. உலகச் சராசரி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வார்த்த கம்பி இன்னும் கான்கிரீட்டுக்குள்தான் இருக்கிறது. பணக்கார நாட்டின் இன்றைய சுத்தமான எஃகில் அதன் நேற்றைய புகையும் சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு விஷயம் எல்லை வரி பற்றிய பெரும்பாலான விளக்கங்களில் விடுபட்டுப்போகிறது.

## ஐரோப்பா புகைக்கு விலை வைத்த விதம்

பிகூ சொன்ன வரிக்குப் பதிலாக ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஒரு சந்தையை உருவாக்கியது. மொத்தமாக இவ்வளவு டன்தான் வெளியேறலாம் என்று உச்சவரம்பு. அதற்கு ஈடான அனுமதிச் சீட்டுகள். ஒரு டன் புகை விட ஒரு சீட்டு. மிச்சம் வைத்திருப்பவர் விற்கலாம், பற்றாக்குறை உள்ளவர் வாங்கலாம்.

தொடக்கம் சிரிப்பாய்ச் சிரித்தது. சீட்டுகளை அள்ளி வழங்கியதால் 2007இல் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்குப் போனது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மறுபடியும் சரிந்து, பல ஆண்டுகள் பத்து யூரோவைத் தாண்டவில்லை. உபரிச் சீட்டுகளைச் சந்தையிலிருந்து விலக்கும் விதிகள் வந்த பிறகே விலை ஏறி, 2023 பிப்ரவரியில் முதல்முறையாக 100 யூரோவைத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கியது.

இங்கே ஒரு சிக்கல். ஐரோப்பிய எஃகு ஆலை ஒரு டன் புகைக்கு எழுபது, எண்பது யூரோ கொடுக்க, அந்தச் செலவில்லாத நாட்டிலிருந்து எஃகு வந்து இறங்கினால்? ஆலை மூடும், ஆனால் புகை மறையாது, இடம் மாறும். இதைத்தான் கார்பன் கசிவு என்கிறார்கள். இதைத் தடுக்க எஃகு, சிமென்ட் போன்ற துறைகளுக்குப் பெரும்பகுதிச் சீட்டுகளை இலவசமாகவே கொடுத்துவந்தார்கள். புகைக்கு விலை வைத்துவிட்டு, அதிகம் புகை விடுபவருக்கு விலக்கும் கொடுத்த கதை இது. இந்த இலவசத்தை 2026 முதல் 2034க்குள் படிப்படியாக நிறுத்துகிறார்கள். அது குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வருவதுதான் எல்லை வரி.

## எல்லையில் நடப்பது

1. 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை அறிக்கை தாக்கல் மட்டும். பணம் இல்லை.
2. 2026 முதல் பணப்பொறுப்பு உண்டு. ஆனால் 2026 சரக்குக்கான சான்றிதழ்களின் விற்பனை 2027 பிப்ரவரியில்தான் தொடங்கும்.
3. பணம் கட்டுவது ஐரோப்பிய இறக்குமதியாளர், இந்திய ஆலை இல்லை. ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில் அவர் விலையைக் குறைத்துக் கேட்பார். பாரம் எவ்வளவு தூரம் பின்னால் தள்ளப்படும் என்பது பேரத்தைப் பொறுத்தது.
4. சான்றிதழின் விலை ஐரோப்பியக் கார்பன் சந்தையின் விலையோடு கட்டப்பட்டது.
5. ஓர் இறக்குமதியாளர் ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குள் கொண்டுவந்தால் இரும்பு, அலுமினியம், உரம், சிமென்ட் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.
6. தயாரித்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த ஆறாவது விதிக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் அந்த '2.5 சதவீதம்'. இலவசச் சீட்டு 2026இல் 2.5 சதவீதம் குறைகிறது, 2030இல் 48.5 சதவீதம், 2034இல் முழுதாக. இதைப் பார்த்து, இந்திய ஆலையின் புகையில் 2.5 சதவீதத்துக்குத்தான் முதல் ஆண்டு காசு என்று பலர் எழுதிவிட்டார்கள். அப்படி இல்லை. ஐரோப்பிய ஆலைக்கு இலவசச் சீட்டு அதன் சொந்தப் புகைக்கு ஏற்பக் கிடைப்பதில்லை. நன்றாக இயங்கும் ஆலைகளை வைத்துக் கணித்த ஓர் அளவுகோலுக்குத்தான் கிடைக்கிறது. இறக்குமதிக்கும் அந்த அளவுகோலைத்தான் கழிப்பார்கள். அளவுகோலுக்கு மேல் உள்ள புகை முழுவதுக்கும் முதல் நாளிலிருந்தே காசு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலையின் புகை டன்னுக்கு 2.5, அளவுகோல் 1.4, சான்றிதழ் 75 யூரோ என்று வைத்துக்கொள்வோம் (கடைசி இரண்டும் விளக்கத்துக்காக எடுத்த எண்கள்):

- 2026: அளவுகோலில் 97.5 சதவீதம், அதாவது 1.365 கழியும். மீதி 1.135 டன்னுக்கு ஏறத்தாழ 85 யூரோ.
- 2030: கழிவு 0.72. மீதி 1.78 டன்னுக்கு 133 யூரோ.
- 2034: கழிவே இல்லை. 187.5 யூரோ.

அண்மை ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஒரு டன் எஃகுத் தகட்டுச் சுருளின் விலையே அறுநூறு யூரோவை ஒட்டித்தான் இருந்திருக்கிறது. அளவுகோலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலைக்கு முதல் ஆண்டு உண்மையிலேயே சில்லறைக் காசுதான், 2.5 டன் புகை விடும் ஆலைக்கு அடி முதல் ஆண்டே விழுகிறது. இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் சரியாக இருப்பது இப்படித்தான்.

## போல்ட் செய்பவரின் பாடு

போல்ட்டும் நட்டும்கூட இந்தப் பட்டியலில் உண்டு. ஆலையிலிருந்து கம்பிச் சுருள் வாங்கி, வெட்டி, தலை அடித்து, மரை போட்டு அனுப்பும் சிறு பட்டறையில் புகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எஃகுக்கு மின்சாரத்தால் வரும் மறைமுகப் புகையைத் தற்போது கணக்கில் எடுப்பதுமில்லை. அவருடைய போல்ட்டில் உள்ள புகையில் ஏறத்தாழ எல்லாமே கம்பிச் சுருளோடு வந்தது.

ஆக அவர் வாங்குபவருக்கு அனுப்ப வேண்டிய எக்செல் படிவத்தில் நிரப்ப வேண்டிய முக்கியமான எண் அவரிடம் இல்லை, ஆலையிடம் இருக்கிறது. எந்த ஆலை, எந்த உலை வழி, டன்னுக்கு எவ்வளவு, யார் சரிபார்த்தது? டீலரிடம் பத்து டன் வாங்கிய பில்லில் இதெல்லாம் இருக்காது. தரவு இல்லாவிட்டால் ஐரோப்பிய ஆணையம் நாடு வாரியாக நிர்ணயித்த எண்ணை, அதற்கு மேல் ஒரு கூடுதலும் சேர்த்து, அவர் தலையில் கட்டுவார்கள். பெரிய ஆலைகளிடம் இதற்கென்றே ஒரு துறை இருக்கும். பட்டறைக்காரரிடம் கணக்கு எழுதும் ஒரு பையன் இருப்பான். இந்த வரியில் காசைவிட காகிதம்தான் சிறியவர்களை முதலில் வெளியேற்றும் என்பது என் கணிப்பு. 50 டன் விலக்கு இருக்கிறதே என்றால், அது வாங்குபவரின் மொத்த இறக்குமதிக்குத்தான், விற்பவரின் அளவுக்கு இல்லை.

## 2024 செப்டம்பர்: ஒரு நிறுவனம், இரண்டு உலைகள்

அந்த மாதம் 20ஆம் தேதி, ஒடிசாவின் கலிங்கநகரில் டாடா ஸ்டீல் இந்தியாவின் மிகப் பெரிய ஊது உலையை இயக்கிவைத்தது. பத்து நாள் கழித்து, 30ஆம் தேதி, வேல்ஸின் போர்ட் டால்பட்டில் அதே நிறுவனம் அங்கு எஞ்சியிருந்த கடைசி ஊது உலையை அணைத்தது. வேல்ஸில் பழைய இரும்பை உருக்கும் மின் உலை வருகிறது. 125 கோடி பவுண்டு திட்டத்தில் 50 கோடி பிரிட்டன் அரசின் பணம். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டதும் அதே 30ஆம் தேதிதான்.

இது அப்பட்டமான கார்பன் கசிவு என்று சொல்லிவிட முடியாது. கலிங்கநகர் உலை முதன்மையாக இந்தியத் தேவைக்கானது, வேல்ஸ் ஆலை பல ஆண்டுகளாக நஷ்டத்தில் இருந்தது. ஆனாலும் மின் உலை தயாராகும்வரை வேல்ஸ் ஆலை உருட்டித் தகடாக்கும் எஃகு நெதர்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும்தான் வருகிறது. அந்த எஃகின் புகை எந்த நாட்டுக் கணக்கு? ஐ.நா. விதிப்படி எங்கே கிளம்பியதோ அங்கே. பிரிட்டனின் கணக்குப் புத்தகத்தில் உமிழ்வு குறையும், இந்தியாவின் புத்தகத்தில் ஏறும், தகடு என்னவோ பிரிட்டனில்தான் பயன்படும். புகையை உற்பத்தியிடத்தில் எண்ணுவதா நுகர்விடத்தில் எண்ணுவதா என்ற பழைய வழக்கு இது. எல்லை வரி ஒரு வகையில், நுகர்பவரும் பொறுப்பு என்பதை ஐரோப்பா ஒப்புக்கொண்டதாகும். நான் வாங்கும் பொருளின் புகைக்கு என் சந்தையில் விலை உண்டு என்கிறது அது. தர்க்கத்தில் எனக்கு இதில் குறை தெரியவில்லை.

## குறை எங்கே இருக்கிறது

பணம் போகும் திசையில். சான்றிதழ் விற்ற காசு ஐரோப்பியக் கருவூலங்களுக்குப் போகிறது. சரக்கு அனுப்பிய நாட்டில் உலையை மாற்ற அதில் பங்கு தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

1992இல் கையெழுத்தான ஐ.நா. பருவநிலை உடன்படிக்கை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் வேறுபட்டது. பருவநிலை நடவடிக்கை மறைமுக வணிகத் தடையாக மாறக் கூடாது. இந்தியாவும் சீனாவும் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் எழுப்பும் ஆட்சேபம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரிக் கரியமில வாயு உமிழ்வு சுமார் 2 டன், ஐரோப்பியருடையது ஐந்துக்கு மேல், அமெரிக்கருடையது ஏறத்தாழ 14. ஆனால் எல்லையில் எண்ணப்படுவது ஆள் கணக்கு இல்லை, டன் கணக்கு. பழைய இரும்பு குவிந்திருக்கும் நாட்டுக்கும் இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நாட்டுக்கும் ஒரே சீட்டு விலை.

அப்புறம் இன்னொரு சந்தேகம்: புகை உண்மையில் குறையுமா? ஒரு நிறுவனத்துக்கு இரண்டு உலைகள் இருந்தால், சுத்தமான உலையின் எஃகை ஐரோப்பாவுக்கும் மற்றதை உள்ளூருக்கும் அனுப்பிவிடலாம். சான்றிதழ் குறையும், வானத்துக்கு ஒரு மாற்றமும் இல்லை.

## காசை இங்கேயே வசூலித்தால்?

இப்போது அந்த ஆறாவது விதி. உள்நாட்டில் கொடுத்த கார்பன் விலையைக் கழிக்கலாம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸுக்குப் போகும் பணத்தை டெல்லியே வசூலித்து உலைகளை மாற்றச் செலவழிக்கலாமே? சரியான யோசனைதான், நானும் இதன் பக்கம்தான். ஆனால் நடைமுறையில் இரண்டு முடிச்சுகள்.

முதல் முடிச்சு, நம்மிடம் இருந்த விலையும் இருக்கும் விலையும். 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய மேல்வரி 2016இல் 400 ரூபாய் ஆனது. கரியமில வாயுவுக்கு மாற்றிப் பார்த்தால் டன்னுக்கு இரண்டு, மூன்று யூரோதான். தூய எரிசக்திக்கென்று வந்த அந்த மேல்வரி 2017இல் மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டில் கரைந்தது. 2025 செப்டம்பரில் அதையும் நீக்கி, நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 5லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். நிலக்கரிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, எஃகு விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் எஃகு ஆலைக்கு அது கார்பன் விலையாக நிற்காது.

அதற்குப் பதிலாக வருவது கார்பன் வர்த்தகத் திட்டம். 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜூனில் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், காகிதம் முதலிய துறைகளுக்கு முதல் இலக்குகள் வந்தன. இது ஐரோப்பா போல மொத்த டன்னுக்கு உச்சவரம்பு வைப்பதில்லை, ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு புகை என்று இலக்கு வைக்கிறது. வளரும் நாட்டுக்கு அது பொருத்தம். ஆனால் எல்லையில் கழிவு கேட்கப் போனால் கை கடிக்கும். இலக்கு 2.4, ஆலையின் புகை 2.5 என்றால் ஆலை காசு கொடுப்பது 0.1 டன்னுக்கு மட்டும். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்றாலும் 100 ரூபாய்தான். மேலே பார்த்த 85 யூரோவில் ஒரு யூரோ கழியும்.

இரண்டாவது முடிச்சு, விலையை உயர்த்தினால் கொடுப்பவர் யார் என்பது. 2024-25இல் இந்தியா 14 கோடி டன்னுக்கு மேல் எஃகு தயாரித்து, ஏற்றுமதி செய்தது சுமார் 50 லட்சம் டன். அதிலும் ஒரு பகுதிதான் ஐரோப்பாவுக்கு. அந்தச் சிறு பங்கின் பணத்தைக் காப்பாற்ற, விழுப்புரத்தில் வீடு கட்டுபவர் வாங்கும் கம்பிக்கும் சேர்த்து விலை ஏற்றுவதா? ஏற்றுமதிக்கு மட்டும் தனியாக ஒரு கார்பன் கட்டணம் போடலாம் என்று ஒரு யோசனை உண்டு. பணம் உள்ளூரில் தங்கும். ஆனால் உள்ளூரில் விற்கும் மீதி எஃகுக்கான உலையை அது தொடவே தொடாது.

அந்த உலைகள்தான் விஷயம். 2017 தேசிய எஃகுக் கொள்கையின்படி 2030-31க்குள் உற்பத்தித் திறன் 30 கோடி டன்னாக வேண்டும். அதற்காகத் திட்டமிட்டவற்றில் பெரும்பகுதி ஊது உலைகளே. ஓர் ஊது உலையின் உள்சுவரை மாற்றிக் கட்டும் வேளை 15, 20 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், வழியை மாற்ற வேண்டுமென்றால் அதுதான் மலிவான சமயம். இந்த ஆண்டு அனுமதி பெறும் உலைக்கு அந்தச் சமயம் 2045ஐ ஒட்டி வரும். எல்லை வரியில் ஐரோப்பா கழித்துத் தரும் அளவு பூஜ்ஜியமாவது 2034இல்.